துணைக்குப் போனவள்

ஆடிஷனுக்கு வெறும் வயிற்றோடு போகக் கூடாது. முதல் தடவை நான் அப்படித்தான் போனேன். உருக்கமான வசனத்துக்கு நடுவே என் வயிறு போட்ட சத்தம் மைக்கில் விழுந்து, கேமராக்காரர் சிரித்துவிட்டார். பிறகு, "நீச்சல் தெரியுமா?" என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். அவ்வளவுதான், அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். எது கேட்டாலும் தெரியும் என்று சொல்லிவிட்டுப் பிறகு கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அன்றைக்குப் புரிந்தது.

இந்தப் படத்தின் ஆடிஷனுக்குத் தங்கையைத் துணைக்குக் கூட்டிப்போனேன். வெளியே என் பையை மடியில் வைத்துக்கொண்டு பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். நான் உள்ளே அழுது காட்டிவிட்டு வந்தேன். டைரக்டர் பின்னாலேயே வந்தார்.

"நல்லாத்தான் பண்றீங்க. ஆனா பண்றது தெரியுது."

சொல்லிவிட்டு, வாயைச் சுற்றிப் பிஸ்கட் தூளோடு இருந்தவளைப் பார்த்தார். "நீங்க கொஞ்சம் உள்ள வாங்களேன்."

"அக்கா, நான் என்ன பண்ணணும்?" என்று என் கையைப் பிடித்தாள்.

"எது கேட்டாலும் தெரியும்னு சொல்லு."

நீச்சலும் தெரியும் என்று சொல்லியிருக்கிறாள். வேடம் அவளுக்குப் போனது.

எனக்கு வயிறு எரிந்தது. மறைக்க என்ன இருக்கிறது? வருஷக்கணக்கில் கண்ணாடி முன் நின்று அழுது பழகியவள் நான். அவள் கண்ணாடியைப் பார்ப்பதே பல்லிடுக்கில் ஏதாவது மாட்டியிருந்தால்தான். அப்பா தெருவில் போகிறவர்களை எல்லாம் நிறுத்திவைத்து அவள் பெருமையைப் பேசினார். என்னிடம், "நீயும் கூடப் போம்மா, அவளுக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். போனேன்.

பழைய கல்குவாரியில் படப்பிடிப்பு. அவள் பாறையிலிருந்து வழுக்கி விழுந்து, தண்ணீரில் தத்தளிக்க வேண்டும்.

"அக்கா, ஆழமா இருக்குமா?"

"இடுப்பளவுதான், கேட்டுட்டேன். காலை ஊனிக்கிட்டுக் கையை மட்டும் அடி."

நான் யாரையும் கேட்கவில்லை. பாதுகாப்புக்கு வந்திருந்த நீச்சல்காரர் தங்கைக்கு நன்றாக நீந்த வருமா என்று விசாரித்தார்.

"மீன் மாதிரிப் போவா. நீங்க சாப்பிட்டு வாங்கண்ணே."

அவர் போய்விட்டார். அவர்மேல் தப்பில்லை, எழுதிக்கொள்ளுங்கள்.

விழுந்தாள். கையை அடித்தாள். முங்கி எழுந்து, "அக்கா" என்றாள்.

"பாருய்யா, நடிக்கிற மாதிரியே தெரியல," என்றார் டைரக்டர். அப்போதும் அவளுக்குத்தான் பாராட்டு. எரிச்சலாக வந்தது. அவள் மறுபடி கூப்பிட்டாள். டைரக்டர் வசனத்தாளைப் பார்த்தார், பிறகு சந்தேகத்தோடு என்னைப் பார்த்தார்.

"வீட்ல ரெண்டு பேரும் ஒத்திகை பார்த்ததுதான் சார். கட் சொல்லிடாதீங்க."

தலையாட்டிவிட்டுத் தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். முதன்முறையாக என் நடிப்பை அவர் நம்பினார். கொஞ்ச நேரத்தில் அவள் கை தெரியவில்லை. அதற்கப்புறம்தான் மற்றவர்கள் ஓடினார்கள்.

எனக்கு நீந்தத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். முதல் ஆடிஷனில் தோற்ற மறு வாரமே நீச்சல் வகுப்பில் சேர்ந்து கற்றுக்கொண்டுவிட்டேன், மூழ்குகிற ஆளை முடியைப் பிடித்துக் கரைக்கு இழுத்து வருவது வரைக்கும். குதித்திருந்தால் தூக்கியிருப்பேன். ஆனால் தலை நனைந்து, மேக்கப் கலைந்து, பார்க்கச் சகிக்காமல் நின்றிருப்பேன். அந்த வேடத்துக்கு உடனே வேறு ஆள் வேண்டியிருக்கும். டைரக்டர் திரும்பினால் முதலில் என்னைத்தானே பார்ப்பார்?