மண் மூடி திறந்த காலை

மேடையில் வீற்றிருக்கும் பூச்சியியல் துறைத் தலைவர் அவர்களே, பூங்காப் பொறியாளர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் டாக்டரம்மாவின் கணவர் அவர்களே, வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் பூங்காத் தொழிலாளர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

இரங்கல் கூட்டத்தில் பேசுகிறவன் நெஞ்சு கனக்க நிற்க வேண்டும். நானோ ஒருவித நிம்மதியோடு நிற்கிறேன். குடும்பத்தார் தவறாக நினைக்கக் கூடாது. அந்த நிம்மதி எங்கிருந்து வந்தது என்று சொல்லத்தான் எழுந்தேன்.

அந்த முனைவர் பெருமாட்டியை ஊரே ‘ஓட்டை டாக்டர்’ என்றுதான் அழைத்தது. பெயரை நம்பி ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எங்கள் ஆய்வகத்துக்கே வந்துவிட்டார், பல்லில் ஓட்டையாம். அம்மையார் சிரிக்காமல் சொன்னார்: “உள்ள யாராவது குடியிருந்தா நான் பாக்கறேன். இல்லன்னா பல் டாக்டர்கிட்ட போங்க.”

அவர் வாழ்நாளெல்லாம் பார்த்த ஓட்டைகள் எவை? மரம் துளைக்கும் வண்டின் புழு, கட்டையைத் தின்றுகொண்டே உள்ளுக்குள் வழி போடுகிறது. வண்டான பிறகு வெளியே பறந்துவிடுகிறது. அது விட்டுப்போன வழியில் குளவி வருகிறது, எறும்பு வருகிறது, கூட்டமாக வாழாத சின்னஞ்சிறு தேனீ வருகிறது. அந்தத் தேனீ உள்ளே மகரந்தம் சேர்த்து, முட்டையிட்டு, வாசலை ஈரமண்ணால் பூசிவிட்டுப் போய்விடும். உள்ளே வளரும் குஞ்சு அடுத்த வசந்தத்தில் மண்ணை உடைத்துக்கொண்டு தானே வர வேண்டும். தாய் திரும்பி வரமாட்டாள்.

நம் பூங்காவின் ஊஞ்சல் பக்கத்தில் பட்டுப்போய் நின்ற பெரிய மரம் உங்களுக்கு நினைவிருக்கும். சென்ற குளிர்காலத்தில் அதன் கிளை ஒன்று முறிந்து விழுந்தது. மரத்தை வெட்டி எரிக்க உத்தரவு வந்தது. அந்த மரமெங்கும் மண் பூசிய வாசல்கள். இந்த ஊரில் வேறெங்கும் அந்தத் தேனீயை நாங்கள் அதுவரை கண்டதில்லை.

அம்மையார் மரத்தைக் கட்டிப்பிடித்துப் போராடுவார் என்று பொறியாளர் பயந்திருந்தார். நடந்தது என்ன? “ஒரு குழந்தைமேல விழுந்துச்சுன்னா நான் என்ன பதில் சொல்ல முடியும்? வெட்டுங்க. ஆனா எரிக்காதீங்க” என்றார். அடிமரத்தைத் துண்டு துண்டாக அறுத்து, நின்ற வாக்கிலேயே இறக்கி, வெயில் படும் வேலியோரம் நட்டுவைக்க வேண்டும் என்று கேட்டார். பொறியாளர் அன்று மாலையே கயிறும் ஆட்களும் ஏற்பாடு செய்தார். ரம்பக்காரர், இதோ கதவோரம் நிற்கிறாரே அவர், ஒரு துண்டைக்கூடக் கீழே போடவில்லை.

அப்போதே அம்மையாரின் உடம்பில் நோய் முற்றியிருந்தது. எங்களுக்குத் தெரியாது, வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும்.

வசந்தம் வந்தது. மற்ற இடங்களில் பூச்சிகள் பறக்கத் தொடங்கின. வேலியோரக் கட்டைகளில் ஒரு வாசல்கூடத் திறக்கவில்லை. கணவர் அவரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிவருவார். அம்மையார் உட்கார்ந்து பார்ப்பார், திரும்பிப் போவார். மருந்து கொடுத்த வலியைவிட இந்தக் கவலைதான் அவரை அரித்தது. ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “தம்பி, ரம்பத்தோட அதிர்வுலயே எல்லாம் செத்துடுச்சோ? நான் சொல்லித்தானே பண்ணாங்க” என்றார்.

அப்புறம் ஒரு காலை ரம்பக்காரர் போன் செய்தார். “சார், மண்ணு விரிஞ்சிருக்கு. உள்ள என்னமோ அசையுது. அம்மாவ உடனே கூட்டியாங்க.”

நாங்களும் பொறியாளரும் போய்ச் சேர்ந்தபோது ஒரு தேனீயின் தலை வெளியே தெரிந்தது. பழுப்பு நிற ரோமம், இரண்டு உணர்கொம்புகள். அது மூச்சு வாங்குவதுபோல நின்று நின்று வெளியே வந்து, கட்டைமேல் சற்று வெயில் காய்ந்து, பறந்தது. பக்கத்து வாசலிலும் மண் உதிர்ந்தது. அதற்குக் கீழேயும். அம்மையார் நாற்காலியில் சாய்ந்து, “அப்பாடா” என்றார். பொறியாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். அன்று வீடு திரும்பிய அம்மையார் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் பகலெல்லாம் தூங்கினாராம். பல மாதங்களுக்குப் பிறகு அப்படியொரு தூக்கம் என்று அவர் கணவர், முன்வரிசையில் இருக்கும் ஐயா, என்னிடம் சொன்னார்.

அதன்பின் அவர் அந்தக் கவலையைப் பேசவே இல்லை. போன வாரம், தூக்கத்திலேயே, வலியில்லாமல் போய்விட்டார். அவர் கேட்ட கேள்விக்கு விடை தெரிந்துகொண்டு போனார்! அறிவியலில் எத்தனை பேருக்கு அது வாய்த்தது? சொல்லுங்கள், நான் நிம்மதி கொள்ளாமல் என்ன செய்வேன்?

பட்ட மரம் எதுவானாலும், குடியிருப்போர் உண்டா என்று பார்க்காமல் இனி ரம்பம் வைப்பதில்லை என்று பொறியாளர் எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். நாளைக் காலை மருத்துவமனை வளாகத்தில் ஒரு பட்ட மரத்தை இறக்கப்போகிறோம். அதிலும் மண் பூசிய வாசல்கள் இருக்கின்றன. கயிறு பிடிக்க ஆள் போதவில்லை. இந்த அவையில் மலர்வளையத்தைவிட எனக்குக் கயிறு பிடிக்கும் கைகள்தான் வேண்டும். வரக்கூடியவர்கள் கை தூக்குங்கள்.

ஐயா, முதல் கை உங்களுடையதா? வாருங்கள். உங்களுக்குப் பக்கத்தில் நான் பிடித்துக்கொள்கிறேன்.