முதல் குழுவில் எட்டுப் பேர்

எலியை வாலின் நுனியைப் பிடித்துத் தூக்கக் கூடாது, தோல் உரிந்துவிடும். அடிவாலைப் பிடிக்க வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்லித்தருவேன். பிளெய்ன்ஸ்பரோ என்ற ஊரில் ஒரு மருந்து ஆய்வுக்கூடத்தில் பதினோரு வருடம் இருந்தேன். என் கையில் ஒரு எலிகூட வலியில் கத்தியதில்லை.

எங்கள் எலிகளுக்கு மனித மரபணு ஒன்றைச் சேர்த்திருந்தோம். ஹண்டிங்டன் நோயைப் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குக் கொண்டுபோகும் மரபணு அது. மூன்றாம் மாதத்தில் அந்த எலிகளுக்கு நடை தடுமாறும். சுழலும் தண்டில் ஏற்றினால் பத்து நொடியில் விழுந்துவிடும். என் மாமனார் அந்த நோயில்தான் போனார். மனைவி சாந்திக்கும் அது உண்டு. போன வருடம் சட்டைப் பொத்தான் போடுவதை என்னிடம் விட்டுவிட்டாள்.

நாங்கள் சோதித்த புது மருந்தைக் கொடுத்த எலிகள் தண்டில் ஒரு நிமிடம் நின்றன. அளவைக் கூட்டியபோது பதினான்கில் ஆறு, வலிப்பு வந்து செத்தன. கூண்டுக்குள் சண்டையிட்டுச் செத்ததாகப் பதிவு செய்து, ஆறையும் முடிவுகளிலிருந்து நீக்கினேன்.

எலிகளைப் பராமரித்த நிருஜா, யாழ்ப்பாணத்துப் பெண், என்னிடம் வந்தாள்.

"அண்ணா, ஒண்டிலயும் கடிகாயம் இல்லையே. வலிப்பு வந்ததை நான் கண்டனான்."

"ரிப்போர்ட் நான் பாத்துக்கறேம்மா. நீ விடு."

விட்டுவிட்டாள். அடுத்த மாதமே அவளைப் பதவி உயர்வோடு வேறு பிரிவுக்கு மாற்றச் சொன்னேன். அவளுக்கு நான் கெடுதல் எதுவும் செய்யவில்லை.

அந்த ஆறு சாவையும் உள்ளபடி எழுதியிருந்தால் இன்னும் இரண்டு வருடம் எலிகளோடே போயிருக்கும். சாந்தியால் காத்திருக்க முடியாது. நான் எழுதியபடி எழுதியதால் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்க அனுமதி கிடைத்தது. முதல் குழுவில் எட்டுப் பேர்.

"நாமளும் இதுலயே அப்ளை பண்ணிடலாமே, மூர்த்தி?" என்றாள் சாந்தி.

"அவசரப்படாத. அடுத்த குரூப்ல பாக்கலாம்."

வேலுமணியை நோயாளிகளின் குடும்பங்கள் கூடும் ஒரு கூட்டத்தில் பழக்கம். சுகர் லேண்ட் நகரில் எண்ணெய்க் கம்பெனி இன்ஜினியர், நாற்பத்து நான்கு வயது, அவருக்கும் அதே நோய். ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தார்.

"சார், உங்களைக் கேட்டுட்டுதான் கையெழுத்துப் போடணும்னு இருக்கேன். சேஃப்தானே?"

"எலிங்க நல்லா தாங்குச்சு. தைரியமா போடுங்க."

"போதும் சார். நீங்க சொன்னா போதும்."

மருந்தின் அளவைக் கூட்டிய மூன்றாம் வாரம் அவருக்கு வலிப்பு வந்தது. இரண்டு நாளில் போய்விட்டார். சோதனையை நிறுத்தினார்கள். ஐந்து மாதம் கழித்து, அளவைப் பாதியாகக் குறைத்து மீண்டும் தொடங்கினார்கள். இரண்டாவது குழுவில் சாந்தி இருக்கிறாள். இப்போது பொத்தானை அவளே போட்டுக்கொள்கிறாள்.

வேலுமணி இறந்ததும் அவர் மனைவியிடம் துக்கம் விசாரிக்கப் பேசினேன். அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. "கடைசி வரைக்கும் உங்களைப் பத்திதான் நல்லபடியா பேசிட்டு இருந்தாரு, அண்ணா" என்றார். அன்றிலிருந்து தூக்கம் சரியில்லை; அதனால்தான் நானாகவே உங்களிடம் வாக்குமூலம் கொடுக்க வந்தேன்.

மருந்து ஆளைக் கொல்லும் என்று தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். எந்த அளவில் கொல்லும் என்பதுதான் தெரியாமல் இருந்தது. சாந்திக்குக் கொடுப்பதற்கு முன்னால் யாராவது ஒருவர் அதைக் காட்டித்தர வேண்டியிருந்தது. வேலுமணி இறந்த செய்தி வந்தபோது சாந்தி அழுதாள். நான் அளவைக் குறித்துக்கொண்டேன்.