டீசலில் கடல்

அரசு: ஆக்சிலேட்டர மெதுவா மிதி... இன்னும் கொஞ்சம்... போதும். பாத்தியாக்கா, சும்மா நிக்கும்போது நல்லாத்தான் உறுமுது.

அஞ்சம்மாள்: குடிகாடு வரைக்கும் மீன் வண்டி இப்புடித்தான் உறுமிச்சி. அப்புறம் மிதிக்க மிதிக்க இழுவையே இல்ல. இந்த செம்மங்குப்பத்துக்கிட்ட வந்து ரெண்டு குலுக்கு குலுக்கிட்டு நின்னுடிச்சி. அதான் ஒனக்கு போன் போட்டேன்.

அரசு: அப்ப இஞ்சினுக்கு டீசல் பத்தல. ஓடும்போது ஜாஸ்தி கேக்குது, கெடைக்க மாட்டேங்குது.

அஞ்சம்மாள்: வெளக்கமெல்லாம் அப்புறம் சொல்லு தம்பி. மதியச் சமையலுக்குள்ள சிதம்பரத்துல மீன எறக்கணும். இன்னிக்கித்தான் மொத நாளு. விட்டா மெஸ்ஸுக்காரரு பழைய ஏவாரிகிட்டயே போயிடுவாரு. ஒன் மாமா போனப்புறம் எனக்குன்னு கெடச்சது இது ஒண்ணுதான்.

அரசு: ஐஸு இருக்குல்ல?

அஞ்சம்மாள்: மீனுக்கு இருக்கு. மெஸ்ஸுக்காரருக்கு யாரு ஐஸு வைக்கிறது?

அரசு: கத்தாதக்கா, கையிலேர்ந்து ஸ்பேனரு நழுவுது.

அஞ்சம்மாள்: பொண்ணு பாக்கப் போனப்ப காப்பியக் கொட்டுனியே, அந்தக் கைதான?

அரசு: ஆரம்பிச்சிட்டியா... டீசல் டியூப்புல எங்கயும் காத்து வாங்கல. டீசல ஏத்துற கை பம்ப்பும் கல்லு மாதிரி இறுகுது. அந்தக் காலி வாட்டர் பாட்டில கீழ புடி. ஃபில்டருக்கு அடியில திருகு இருக்கு, தொறக்குறேன்.

அஞ்சம்மாள்: வருது... வருது...

அரசு: கொஞ்சம் ஆடாம வையி, தெளியட்டும்... மேல டீசலு. கீழ என்னா அது? தண்ணி! பாதி பாட்டிலு தண்ணி! எங்க டீசல் போட்ட?

அஞ்சம்மாள்: எங்க போடுவாங்க... பங்க்குலதான்.

அரசு: எந்த பங்க்கு?

அஞ்சம்மாள்: ரோட்டு மேல இருக்கறது.

அரசு: எல்லா பங்க்கும் ரோட்டு மேலதான் இருக்கு. இரு... த்தூ!

அஞ்சம்மாள்: அடப்பாவி, நாக்குலயா வச்ச?

அரசு: உப்பு! எந்த பங்க்குலக்கா கடத்தண்ணி ஊத்துறான்?

அஞ்சம்மாள்: மீன்புடி போட்டோட கேன்ல டீசல் மிச்சம் இருந்துச்சி. எதுக்கு வீணாக்கணும்னு வண்டியில ஊத்திட்டேன். மூடி தொலஞ்சிபோயி, துணியத்தான் அடச்சி வச்சிருந்தேன்.

அரசு: மாமாவோட போட்டா? அது ஒரு வருசமா கரையிலதான கெடக்கு? அவ்ளோ நாளு கெடந்தா டீசலு கருத்துப்போயி நாறும். இது புது டீசலு. அல தெறிச்சி உள்ள போன புதுத் தண்ணி.

அஞ்சம்மாள்: மெக்கானிக்குன்னா வண்டியப் பாரு.

அரசு: பாத்தாச்சி. டேங்கு அடியில இருந்த தண்ணியையும் வடிச்சிட்டேன், தொறந்தப்ப பூந்த காத்தையும் எடுத்துட்டேன். சாவியத் திருப்பு.

அஞ்சம்மாள்: ...புடிச்சிகிச்சி!

அரசு: நல்லா மிதி. தெணறுதா?

அஞ்சம்மாள்: கொஞ்சம்கூட இல்ல! கெட்டிக்காரன்டா நீ. வரட்டா?

அரசு: இருக்கா. நானும் ஒன்கிட்ட ஒண்ண மறச்சிட்டேன்... போட்ட விக்க ஆளு பாத்துட்டோம். மாமா வூட்டுல எல்லாரும் சேந்துதான் முடிவு பண்ணுனோம். ஒன்கிட்ட எப்புடிச் சொல்றதுன்னு தெரியல. நாளைக்கிப் பாக்க வராங்க. அதுக்குள்ள எவனோ அத கடலுக்கு எடுத்துகிட்டுப் போயிருக்கான். யாருகிட்ட குடுத்த? யாரு ஓட்டுறா?

அஞ்சம்மாள்: வர்றவங்கள வரவேணாம்னு சொல்லிடு. பெட்டியில இருக்குற மீனு கரையில ஏலத்துல எடுத்ததில்ல தம்பி, நானும் பக்கத்து வூட்டு பட்டம்மாளும் கடலுக்குப் போயி வல போட்டு எடுத்தாந்தது. போட்ட ஓட்டுறது இந்த ஸ்டியரிங்கப் புடிச்சிருக்குற கைதான். நவுரு, மெஸ்ஸுல கொழம்புக்குக் கொதி வந்துடும்.