ஒன்பதாம் பட்டையில் ஓடும் துடிப்பு

உடற்பயிற்சி அறிவியல் பேராசிரியர் முனைவர் பொன்னம்மை மெய்யநாதன் அவர்களின் பணி நிறைவு நாளில் ஆய்வுக்கூட ஊழியர்கள் அன்போடு வாசித்தளிக்கும் மடல்

நடையையே மருந்தாக்கி நலிந்தோரை நிமிர வைத்த நல்லாசிரியரே! வியர்வையை அளந்து வாழ்நாளை வளர்த்த வித்தகரே! இருபத்தொன்பது ஆண்டுகள் எங்களை அதட்டியும் அணைத்தும் ஆளாக்கிய அன்னையே, வணக்கம்!

ஜார்ஜ்டவுன் வகுப்பறையில் நீங்கள் நடத்திய பாடத்தைப் புக்கிட் தெங்கா தொழிற்சாலைப் பெண்கள் காலைதோறும் நடந்து காட்டினார்கள். உங்கள் கட்டுரைகளை உலகம் படித்தது. பைராம் தோட்டத்துச் சின்னம்மாவோ அவற்றைப் படிக்காமலேயே தம் சர்க்கரையைக் குறைத்துக்கொண்டார். இவற்றை மற்றவர்களும் புகழ்வார்கள். நாங்கள் மட்டுமே அறிந்த ஒன்றை இங்கே சொல்கிறோம்.

நெஞ்சில் கட்டினால் இதயத்துடிப்பைத் திரைக்கு அனுப்பும் பட்டைகள் பன்னிரண்டு நம்மிடம் உண்டு. ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு காலை, கழுவிக் கொடியில் காயப்போட்டிருந்த ஒன்பதாம் பட்டை, யார் நெஞ்சிலும் இல்லாமலேயே, திரையில் துடித்தது. நான்கு துடிப்பு, ஒரு தயக்கம், மீண்டும் நான்கு.

“ப்ரொஃபசர், பேட்டரி ரோசாக் லா, கெட்டுப்போச்சு,” என்றார் உதவியாளர் யுகேந்திரன்.

நீங்கள் பேட்டரியைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டீர்கள். திரையில் கோடு நிற்கவில்லை.

“காரணம் தெரியலன்னு அழிச்சிடாத தம்பி. தேதி போட்டு எழுது,” என்றீர்கள்.

மூன்றாம் நாள், சின்னம்மாவின் கணவர் ராமதாஸுக்கு நடைச் சோதனை. திரையில் அதே நான்கு, அதே தயக்கம். பாதியில் நிறுத்தி, உங்கள் காரிலேயே மருத்துவமனைக்குக் கொண்டுபோனீர்கள். இன்று அவர் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்.

அடுத்த முறை பட்டை வேறொரு தாளத்தில் துடித்தபோது தோற்றோம். சோதனைக்கு வந்த எல்லாருடைய பதிவையும் ஒப்பிட்டோம், பொருந்தவில்லை. நம் வேனை ஓட்டிய நாராயணன் அண்ணனை அளந்து பார்க்க எவருக்கும் தோன்றவில்லை. அவர் நெஞ்சடைத்து இறந்த அன்றே பட்டையும் அடங்கியது. அதன்பின் ஊழியர் அனைவரையும் மாதந்தோறும் அளக்கச் சொன்னீர்கள். உங்களை மட்டும் அளக்க விட்டதில்லை.

“தண்ணீர்மலை முருகன் கோயில் படி அத்தனையும் மூச்சு வாங்காம ஏறுறவ நான். எனக்கு என்ன லா? போய் வேலையப் பாருங்க!”

அம்மா, பதினொரு நாளாக ஒன்பதாம் பட்டை மறுபடி துடிக்கிறது. ஏழு துடித்து, ஒன்றை விழுங்கி, மீண்டும் ஏழு. எங்களில் எவருடையதும் அல்ல. நேற்றுக் கடைசி வகுப்பில் மாணவர்களுக்குச் செய்து காட்ட நீங்களே ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டீர்கள். இரண்டு கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்த எங்கள் லோகேஸ்வரி எழுந்து வெளியே போனார். எங்களுக்கு ஒரே ஒரு கோடுதான் தெரிந்தது.

நேற்று மாலையே வந்து சொன்னோம்.

“போற நேரத்துல பயமுறுத்தாதீங்க லா. திங்கக்கிழமை பாத்துக்கலாம்,” என்று சிரித்தீர்கள்.

தனியே சொன்னால் சிரிப்பீர்கள் என்றுதான் சபையறிய, உங்கள் மகள் ஜெயந்தியும் கேட்க, இதை வாசிக்கிறோம். இன்று காலை அந்தக் கோடு ஏழிலிருந்து ஐந்துக்கு இறங்கியிருக்கிறது. திங்கட்கிழமை வரை காத்திருக்க எங்களுக்குத் துணிவில்லை.

ஆறாத அன்புடையவரே! நீடூழி வாழ்க என்று வழக்கத்துக்காகச் சொல்ல எங்களுக்கு நா எழவில்லை. வாழுங்கள் என்று கைகூப்பிக் கேட்கிறோம். இதய மருத்துவர் காத்திருக்கிறார். குமுதா காரை வாசலில் நிறுத்தியிருக்கிறார். விருந்து இருக்கட்டும். மாலையைக் கழற்றவும் நிற்க வேண்டாம். எழுந்து வாருங்கள், அம்மா.

இந்த மடலுக்கு இன்னும் கண்ணாடிச் சட்டம் போடவில்லை. நீங்கள் திரும்பி வந்து எங்களைத் திட்டும் நாளில் போட்டுத் தருகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் ஆய்வுக்கூடத்தார்
யுகேந்திரன், லோகேஸ்வரி, குமுதா, ஷேக் அலாவுதீன், நஜ்வா