எல்லை தாண்டாத வரி

மலை தெரியும் ஜன்னலோரம் உட்கார்ந்து வேலை செய்தால் எனக்குத் தவறு வருவதில்லை. திருத்தணி வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சம்மதித்த கம்பெனி, மருத்துவமனைகளுக்கு மூச்சைக் கண்காணிக்கும் கருவி செய்கிறது. அந்தக் கருவிக்குள், எல்லாவற்றுக்கும் அடியில் ஓடி அதை இயக்கும் டிரைவர் என்ற நிரல் நான் எழுதியது.

விசாரிக்க வந்த நீங்கள் கேட்டதால் எளிமையாகச் சொல்கிறேன். நோயாளியின் பெயர், கட்டில் எண், கடைசியில் எச்சரிக்கை என்று ஒரே வரியாகக் கோத்து, நினைவகத்தில் அளவு குறித்த ஓர் இடத்தில் டிரைவர் எழுதும். அந்த எச்சரிக்கையைப் படித்துத்தான் நர்ஸ் மேசையில் மணி அடிக்கும். வரி தன் இடத்தைத் தாண்டினால் பக்கத்து நினைவகம் சிதைந்து கருவியே நின்றுவிடும். முன்பு அப்படி நின்றிருக்கிறது. நான்தான் பாதுகாப்பான முறைக்கு மாற்றினேன். அது எல்லை தாண்டாது. மிஞ்சியதை வெட்டிவிட்டு, வெட்டியதாகப் பதில் சொல்லும். அந்தப் பதிலை நான் வாங்கிப் பார்க்கவில்லை.

சோதனை செய்த சினேகா போன் செய்தாள்.

“அக்கா, பேரு நீளமாப் போனா எச்சரிக்கையே வெட்டிக்கினு போவுது.”

“அவ்ளோ நீளப் பேரு வெச்சிகினு எவன்டி வந்து படுக்கப் போறான்?”

“எங்க நகரி பக்கம் பாதிப் பேரு அப்டிதான்க்கா. வீட்டுப் பேரே ரெண்டு முழம் இருக்கும்.”

சிரித்தோம். பிறகு பார்க்கலாம் என்றேன். சில நாட்களில் அவளை வேறு பிரிவுக்கு மாற்றச் சொன்னேன். அங்கே அவளுக்கு நல்ல வளர்ச்சி இருந்தது.

என் அக்கா பானுப்ரியாவின் கணவரை, நிமோனியா என்று அரக்கோணத்தில் சேர்த்தார்கள். ஆர்.கே.பேட்டையில் விசைத்தறி வைத்திருப்பவர். நான் பாவா என்று கூப்பிடும் அவர்தான் எனக்கு பைக் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். வீட்டுப் பெயர், அப்பா பெயர், தன் பெயர் மூன்றையும் முழுதாக எழுதுவது அவர்கள் குடும்ப வழக்கம்: குண்டலபள்ளி தணிகாசலம் பரசுராமன். நர்ஸ் கருவியில் அப்படியே பதிவு செய்திருந்தாள். தலைமாட்டில் என் கருவி. திரையில் கட்டில் எண்ணுக்குப் பிறகு எச்சரிக்கைக்கு ஓர் எழுத்து இடம் மட்டுமே மிஞ்சியிருந்தது. இவருக்கு மணி அடிக்காது என்று பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

வீட்டுப் பெயரை எடுத்துவிடச் சொன்னால் போதும். ஏன் என்று நர்ஸ் கேட்டிருப்பாள். சொன்னால் எல்லா ஊர்களிலும் கருவிகளைத் திரும்ப எடுப்பார்கள். சினேகாவையும் விசாரிப்பார்கள்.

பாவா கண் திறந்தார். “இன்னா பாப்பா, உன் மிஷினு என்னிய ஒழுங்கா பாத்துக்குதா?”

“ஆங் பாவா. தூங்குங்க.”

நானே பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். பொறுப்பான முடிவு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். மதியம் அலுவலகத்திலிருந்து அழைத்தார்கள். எழுந்து படிக்கட்டுக்குப் போய்ப் பேசினேன். அக்கா மருந்து வாங்கப் போயிருந்தாள். மணி அடிக்கும் என்று நம்பி நர்ஸ் தன் மேசையில் இருந்தாள். நான் திரும்பியபோது பாவாவின் உதடுகள் நீலமாகியிருந்தன.

காரியம் முடிந்த அன்று அக்கா கேட்டாள். “நீ பக்கத்துலதான இருந்த? மிஷினு சரியாத்தான இருந்துச்சி?”

ஆமாம் என்று தலையசைத்தேன். என் தோளில் சாய்ந்துகொண்டாள். அவள் தூங்கியதும் நிரலைத் திருத்தினேன். சின்ன வேலைதான்.

தெரிந்தேதான் இருந்தேன். எழுதிக்கொள்ளுங்கள். இதையும் சேர்த்து எழுதுங்கள்: பாவாவின் மூச்சு நின்ற பிறகும் கருவி நிற்கவில்லை. என் வரி ஓர் எழுத்துகூட எல்லை தாண்டவில்லை.