இருட்டில் முகம் விழும் கெமரா

யுத்தம் முடிந்த அடுத்த வருடம், வாகரையிலிருந்து மட்டக்களப்புக்கு வந்த பஸ்ஸில் எனக்கு முன்னால் காடு வெட்டிப் பயிர் செய்யும் இரண்டு சேனைக்காரர்கள் இருந்தார்கள்.

“இருட்டிலயும் முகம் விழுற கெமரா ஒண்டு வாங்கப்போறன்,” என்றார் மெலிந்தவர்.

“உனக்கு என்னத்துக்கு?” என்றார் மற்றவர்.

“காட்டுப் பண்டி வேட்டைக்குத்தான். போன கிழம ராவு பண்டிய ஈட்டியால குத்தினது நான். போன்ல எடுத்த படத்தில டோர்ச் வெளிச்சம் பட்ட, கூட வந்த சிவலிங்கத்திட முகம் மட்டும்தான் தெரியுது. நான் வெறும் நிழல். ஊரெல்லாம் அதக் காட்டித் திரியிறான். என்ட பொஞ்சாதியே அவன்தான் குத்தினதெண்டு நம்புறாள்.”

“சரி, கெமராவ வாங்கின மறுகா ஆர் படம் புடிக்கிற? நீ புடிச்சா நீ படத்தில விழமாட்டியே.”

மெலிந்தவர் அவர் பக்கம் திரும்பினார்.

“வாங்கி சிவலிங்கத்திட கையிலதான் குடுக்கப்போறன். புடிக்கிறவன் படத்தில வரமாட்டான்தானே.”