நடுக்கம் நின்ற கார்

பழைய கார் நிற்கும்போது கொஞ்சம் நடுங்கத்தான் செய்யும் சார். பெரும்பாலானவர்கள் அதைப் பொறுத்துக்கொள்வார்கள். மாரிசாமி மாமாவால் முடியவில்லை.

அவர் என் அக்கா பூங்குழலியின் வீட்டுக்காரர். மைசூரில் எனக்குச் சோறும் படுக்க இடமும் அவர் வீட்டில்தான். பகலில் அய்யாவு அண்ணனின் ஒர்க் ஷாப்பில் வேலை, சாயங்காலம் மோட்டார் மெக்கானிக் வகுப்பு. படிக்கிறவன் ஆயிற்றே என்று காரை என்னிடம் விட்டார். சிக்னலில் நின்றால் ஸ்டீயரிங் உதறும், கண்ணாடி கிடுகிடுக்கும்.

நான் எதையும் வரிசையாகச் செய்கிறவன். என் மேல் எனக்கு நம்பிக்கை குறைவு, அதனால்தான் வரிசை. பிளக்கைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். கார்புரேட்டரைக் கழுவினேன். வயர்களை மாற்றினேன். ஒவ்வொன்றுக்கும் பிறகு சரியாகிவிட்டது என்றேன். ஒவ்வொரு தடவையும் அவர் ஒரு சுற்றுப் போய்த் திரும்பி வந்தார்.

"என்றா மாப்ள, சாயங்கால காலேஜுல இதைத்தான் சொல்லித் தர்றாங்களா? காரு குளுருல நடுங்குதா, உன்னைப் பாத்து நடுங்குதா?"

ஒர்க் ஷாப்பே சிரித்தது. அய்யாவு அண்ணனும்தான். ஆயுத பூஜைக்குள் நடுக்கம் நிற்காவிட்டால் வகுப்பை விட்டுவிட்டு அவர் வேலை பார்க்கிற கட்டட சைட்டுக்குக் கம்பி கட்ட வரவேண்டும் என்றார் மாமா. சொன்னால் செய்கிற ஆள்.

அதற்குப் பிறகு என் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. வகுப்பில் உட்கார்ந்தால் முட்டி தானாக ஆடும். பக்கத்தில் இருக்கிற கிரண் கையை வைத்து அழுத்துவான். எடுத்ததும் மறுபடி ஆடும்.

பூஜைக்கு முந்தின நாள் கண்டுபிடித்தேன். பிரேக்கை மிதித்தால் இன்ஜின் சத்தம் மாறியது. பிரேக் மிதிக்கிற காலுக்குப் பலம் சேர்க்க பூஸ்டர் என்று ஒரு டப்பா உண்டு. ஒரு ரப்பர் குழாய் அதை இன்ஜினோடு சேர்க்கும். டப்பாவுக்குள் ரப்பர் கிழிந்து, அந்தக் குழாய் வழியாக வேண்டாத காற்று இன்ஜினுக்குள் போய்க்கொண்டிருந்தது. குழாயை விரலால் நெரித்தேன். நடுக்கம் நின்றது. என் காலும் நின்றதைக் கவனித்தேன்.

தசரா நேரம், பழைய மாடல், புது பூஸ்டர் எங்கும் கிடைக்கவில்லை. குழாயைப் பிடுங்கிவிட்டு இன்ஜின் பக்கத்து ஓட்டையை ஒரு ரப்பர் மூடியால் அடைத்தேன். ஓடுகிற இன்ஜின் மேல் தண்ணீர் டம்ளரை வைத்து மாமாவுக்குக் காட்டினேன். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. எல்லார் முன்னாலும் என் தோளில் தட்டினார்.

"எம் மச்சான் இஞ்சினியரு, பாத்துக்குங்க."

பிரேக் கெட்டியாகும் என்று எனக்குத் தெரியும். ஊருக்குள் ஓட்டுவதற்கு அது போதும். பூஸ்டர் வந்ததும் மாட்டிவிடலாம். கேட்டால் சொல்ல ஒரு பதிலும் வைத்திருந்தேன்.

மறுநாள் பூசணி உடைத்து, சக்கரத்தில் எலுமிச்சை நசுக்கி, அக்காவை ஏற்றிக்கொண்டு மாமா நேராக மாதேஸ்வரன் மலைக்குப் போய்விட்டார். கார் சரியான சந்தோஷம். மத்தியானம் மலைமேலிருந்து அக்கா போனில் பேசினாள்.

"தம்பி, பிரேக்கு கல்லாட்டம் இருக்குதாமா. வர்றப்பவே கால் நோவுதுன்னாரு. எறங்கலாமான்னு கேக்கறாரு."

"புது பிரேக் பேட் போட்டிருக்கேன்க்கா. பழகற வரைக்கும் அப்படித்தான்."

"நீ பஸ் ஏறி வந்து ஒருக்கா பாத்துரேன். நாங்க தங்கிட்டுக் காலைல வர்றோம்."

"டூல்ஸ் எல்லாம் பொட்டு வெச்சு சாமிக்கு முன்னால இருக்குது. இன்னைக்குத் தொடக்கூடாது. ஒண்ணுமில்லக்கா, எறங்கச் சொல்லு."

பின்னால் மாமாவின் குரல் கேட்டது. "அவன் சொன்னாச் சரியாத்தான் இருக்கும். ஏறு நீ."

பேட் நான் மாற்றவே இல்லை. கருவியைத் தொடக்கூடாது என்றது மட்டும் பொய் இல்லை. எங்கள் ஒர்க் ஷாப்பில் அன்றைக்கு யாரும் தொடமாட்டார்கள். ஆனால் மூடியை எடுத்துவிட்டுக் குழாயை மாட்ட எந்தக் கருவியும் வேண்டாம். போனிலேயே சொல்லியிருந்தால் அக்கா விரலால் செய்திருப்பாள். கார் நடுங்கியிருக்கும், மிதித்தால் ஓரளவுக்காவது பிடித்திருக்கும். அது என் வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அவர் அதை ஒர்க் ஷாப்பில் எப்படிச் சொல்லிச் சிரிப்பார் என்று யோசித்தேன். அதற்குள் அக்கா வைத்துவிட்டாள். நான் திரும்பக் கூப்பிடவில்லை.

மலை இறங்குகிற வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. மாமா அங்கேயே போய்விட்டார். அக்கா கொள்ளேகால் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில். நான் யாருக்கும் கெடுதல் நினைத்தவன் இல்லை சார். அவர் ஒரு வேலை சொன்னார், அதை முடித்துக் கொடுத்தேன்.

முதலில் ஓடிப்போய்ப் பார்த்த பஸ் டிரைவர் சொன்னார், பாறையில் மோதின பிறகும் இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்ததாம். நடுக்கம் ஏதாவது இருந்ததா என்று அவரிடம் கேட்டேன். இல்லை என்றார்.